அக்கரைக் கூட்ஸ்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்ஸன் நதியின் இரண்டு கரைகளிலும் ரயில் ஓடுகிறது. கிழக்குக் கரையில் ஓடுவது மனிதர்களுக்கு. மேற்குக் கரையில் ஓடுவது சாமான்களுக்கு. மனிதர்களின் வண்டியில் ஆற்றுப்பக்கத்து ஜன்னலுக்குப் போட்டி உண்டு. சாமான்களின் வண்டியில் ஜன்னலே கிடையாது. மலையின் காலைச் சுற்றி, சதுப்பு நிலத்தைத் தாண்டி, தண்ணீரை ஒட்டியே செல்லும் பாதை அது. ஒரு காலத்தில் கோடீசுவரர்கள் மாளிகை கட்டி உட்கார்ந்து பார்த்த காட்சியை, இன்று மோட்டார்க் கார்களும் ரசாயனத் தொட்டிகளும் இலவசமாகக் கடந்து போகின்றன.

இந்த மேற்குக் கரைப் பாதையின் வரலாற்றை நான் சிறுகச் சிறுகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எந்தப் பாதையையும் எதையாவது ஏற்றிக்கொண்டு போவதற்காகப் போடுவார்கள். இந்தப் பாதையை முதலில் போட்டது இன்னொருவன் கழுத்தைப் பிடிப்பதற்காக. போட்டவர்கள் போய்விட்டார்கள், கழுத்தும் போய்விட்டது, பாதை மட்டும் இருக்கிறது, அதுவும் உழைத்துக்கொண்டு இருக்கிறது. இப்படி ஒரு பாத்திரம் நாவலாசிரியனுக்கு லேசில் கிடைக்காது.

ஹட்ஸன் விசித்திரமான நதி. கடலிலிருந்து சுமார் 150 மைல் தூரத்துக்கு, டிராய் என்ற ஊர் வரைக்கும், அதில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. வெள்ளைக்காரர்கள் வருமுன் அங்கே வாழ்ந்த மொஹிகன் மக்கள், 'இரு பக்கமும் ஓடும் நீர்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். 1807-ல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிக் கப்பல் இந்த ஆற்றில்தான் ஓடியது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும், உள்நாட்டுக் கோதுமை முழுவதும் இந்த ஆற்றின் வழியாகவே நியூயார்க்குக்கு இறங்கியது. பிறகு ரயில் வந்தது. 1851-ல் கிழக்குக் கரையை ஒட்டிய பாதை ஆல்பனிக்கு எதிர்க்கரை வரை போய்ச் சேர்ந்தது. படகுக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய கார்னீலியஸ் வாண்டர்பில்ட் என்ற மனிதர் பங்குகளை வாங்கி அந்தப் பாதையைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். 1869-ல் அதை மேற்கே போகும் பாதையோடு இணைத்து நியூயார்க் சென்ட்ரல் என்ற மாபெரும் கம்பெனியை உண்டாக்கினார். தகப்பனுக்குப் பிறகு மகன் வில்லியம் வாண்டர்பில்ட் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

இந்த வில்லியம் வாண்டர்பில்ட்தான், 1882-ல் ஒரு பத்திரிகை நிருபர், 'ஜனங்களின் நன்மைக்காகத்தானே ரயில் விடுகிறீர்கள்?' என்ற தோரணையில் கேட்டபோது, 'ஜனங்கள் நாசமாய்ப் போகட்டும்' என்று சொன்னதாகப் பெயர் வாங்கியவர். அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் மறுத்தார். சொன்னாரோ இல்லையோ, நாடு நம்பிவிட்டது. அவர் ரயில்வேயின் நடத்தை அப்படி நம்பும்படியாக இருந்தது.

அந்த நாளில் அமெரிக்காவில் ஒரு தொழில் இருந்தது. பெரிய கம்பெனியின் பாதைக்குப் பக்கத்திலேயே, அதற்கு இணையாக இன்னொரு பாதை போடுவது. அதில் வண்டி ஓட்டிச் சம்பாதிக்க வேண்டும் என்பதல்ல எண்ணம். பெரிய கம்பெனி தொந்தரவு தாங்காமல், 'சனியன் விட்டது' என்று நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளும் அல்லவா? பஃபலோவிலிருந்து சிகாகோவுக்குப் போட்ட 'நிக்கல் பிளேட்' பாதை இதற்கு நல்ல உதாரணம். 1882 அக்டோபரில் அதில் வண்டி ஓடத் தொடங்கியது. அந்த மாதத்திலேயே வாண்டர்பில்ட் அதை வாங்கிவிட்டார்.

அதே காலத்தில் ஹட்ஸனின் மேற்குக் கரையில் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். 'நியூயார்க், வெஸ்ட் ஷோர் அண்டு பஃபலோ' என்பது புதிய கம்பெனியின் பெயர். அதன் தலைவர் ஹோரஸ் போர்ட்டர், உள்நாட்டு யுத்தத்தில் தளபதி கிராண்டின் பக்கத்தில் இருந்தவர். அக்கரையில் வாண்டர்பில்ட் பாதை எங்கே போயிற்றோ, இக்கரையில் இதுவும் அங்கேயே போயிற்று. வீஹாக்கனில் தொடங்கி, மலையைக் குடைந்து, கொஞ்ச தூரம் ஊர்களின் முதுகுப்புறமாக ஓடி, ஹேவர்ஸ்ட்ராவில் இன்னொரு சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சட்டென்று ஆறு. அதற்கப்புறம் மைல் கணக்கில் ஆறும் பாதையும் இணைபிரியாத சிநேகிதர்கள். வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டினார்கள். ஸ்டார்ம் கிங் என்ற மலை ஆற்றில் செங்குத்தாக இறங்கும் இடத்தில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே பாதைக்கு இடம் கண்டுபிடித்தார்கள். 1883-ல் வண்டிகள் நியூபர்க்குக்கும் பிறகு கிங்ஸ்டனுக்கும் ஓடின. 1884 ஜனவரியில் பஃபலோ வரை திறந்தாயிற்று.

உடனே சண்டை. இவன் கட்டணத்தைக் குறைத்தால் அவன் இன்னும் குறைத்தான். ஜனங்களுக்குக் கொண்டாட்டம், பங்குக்காரர்களுக்குத் திண்டாட்டம். நல்ல செலவு செய்து, இரட்டைத் தண்டவாளம் போட்டுக் கட்டிய பாதை ஆறு மாதம் தாங்கவில்லை. 1884 ஜூனில் கம்பெனி திவாலாகி, நீதிமன்றம் நியமித்த ஆளின் கைக்குப் போனது. ஆனால் செத்த பாம்பு கடித்துக்கொண்டே இருந்தது. திவாலான கம்பெனிக்கு வட்டி கட்ட வேண்டிய கவலை இல்லை. இன்னும் மலிவாகவே ஓட்டலாம்! இதன் பின்னால் தம்முடைய பழைய எதிரியான பென்ஸில்வேனியா ரயில்வே இருக்கிறது என்று வாண்டர்பில்ட் நம்பினார். பழிக்குப் பழியாக, பென்ஸில்வேனியாக்காரர்களின் வீட்டுக்குள்ளேயே, அவர்கள் பாதைக்குப் போட்டியாக, சவுத் பென்ஸில்வேனியா என்ற புதிய பாதைக்கு மலைகளைக் குடையச் சொன்னார். இரும்பு வியாபாரி ஆண்ட்ரூ கார்னகியும் அதில் கூட்டுச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கதைக்குள் நுழைகிறார் ஜே. பியர்பாண்ட் மார்கன். வட்டிக்கடை உலகத்தின் சக்கரவர்த்தி. இருவர் சண்டையிலும் லண்டன் முதலாளிகளின் பணம் கரைவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1885 ஜூலையில் ஒரு நாள் அவர் இரு தரப்பையும் தம்முடைய உல்லாசக் கப்பலுக்கு அழைத்தார். கப்பலின் பெயர் 'கோர்ஸேர்'. கடற்கொள்ளைக்காரன் என்று அர்த்தம். இந்தப் பெயரை நான் ஒரு கதையில் வைத்திருந்தால், 'செயற்கையாக இருக்கிறது' என்று விமரிசகர்கள் எழுதியிருப்பார்கள். நியூயார்க் சென்ட்ரலின் தலைவர் சான்ஸி டெப்யூ வந்தார். பென்ஸில்வேனியாவின் தலைவர் ஜார்ஜ் ராபர்ட்ஸும் உபதலைவர் ஃபிராங்க் தாம்ஸனும் வந்தார்கள். கப்பல் ஹட்ஸனில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. சமாதானம் ஆகாமல் யாரும் இறங்க முடியாது என்பதுதான் ஏற்பாடு. மார்கன் அதிகம் பேசாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ராபர்ட்ஸ் பிடிவாதக்காரர். நாள் முடிந்து கரையில் இறங்கும்போதுதான் அவர் கையைக் கொடுத்துச் சம்மதம் சொன்னாராம்.

ஒப்பந்தம் எளிமையானது. வெஸ்ட் ஷோரை நியூயார்க் சென்ட்ரல் எடுத்துக்கொள்ளும். சவுத் பென்ஸில்வேனியா வேலை நிற்கும். அந்த வருஷக் கடைசியில் வெஸ்ட் ஷோர் ஏலத்துக்கு வந்தபோது 2 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போயிற்று. போட்ட பணத்தில் அது ஒரு பகுதிதான். டிசம்பரில் வாண்டர்பில்டும் காலமானார். 1886 ஜனவரி 1 முதல் பாதை நியூயார்க் சென்ட்ரலுக்குக் குத்தகை. எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? 475 வருஷத்துக்கு. அது முடிந்தபின் வேண்டுமானால் இன்னும் 500 வருஷம் நீட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. அந்த 475-ஐப் பின்பக்கமாக எண்ணிப் பார்த்தேன். 1411 வருகிறது. கொலம்பஸ் பிறப்பதற்கே இன்னும் 40 வருஷம் இருந்த காலம்! பணம் படைத்தவர்களுக்குக் காலத்தைப் பற்றி எவ்வளவு நம்பிக்கை!

குத்தகையில் 66 வருஷம் போனது. 1952-ல் வெஸ்ட் ஷோர் கம்பெனியே நியூயார்க் சென்ட்ரலோடு கலந்து பெயரை இழந்தது. 1968-ல் அதைவிடப் பெரிய அதிசயம்: ஜென்ம விரோதிகளான நியூயார்க் சென்ட்ரலும் பென்ஸில்வேனியாவும் ஒன்றாகச் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயின. இரண்டரை வருஷம் முடியுமுன், 1970 ஜூனில், அந்தக் கூட்டுக் கம்பெனியும் திவால். 1976-ல் அரசாங்கம் ஏற்படுத்திய கான்ரெயில் அதை எடுத்துக்கொண்டது. 1999-ல் கான்ரெயிலைப் பங்கு போட்டபோது மேற்குக் கரை ஸி.எஸ்.எக்ஸ். கம்பெனிக்குப் போயிற்று. அவர்கள் கணக்கில் இன்று அதற்கு 'ரிவர் லைன்' என்று பெயர். ஆற்றுப் பாதை. எளிய பெயர். வாண்டர்பில்டும் இல்லை, மார்கனும் இல்லை; ஆறு மட்டும் பெயரில் நின்றுவிட்டது.

மேற்குக் கரையில் மனிதர்கள் எப்போதுமே ஏறவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வீஹாக்கனில் இறங்கி, படகு ஏறி, மான்ஹாட்டனில் 42-ஆம் தெருவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தினம் வேலைக்குப் போனார்கள். ஆனால் 1931-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வந்தது. 1955-ல் டப்பான் ஸீ பாலம் வந்தது. மோட்டாரில் ஏறினால் ஆற்றைத் தாண்டி வீட்டு வாசலிலேயே இறங்கலாம் என்றபோது, ரயிலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து டிராமுக்கும் யார் ஓடுவார்கள்? 1958-ல் ஆல்பனி வண்டி நின்றது. 1959 மார்ச்சில் படகு நின்றது. அந்த டிசம்பரில் கடைசிப் பிரயாணி வண்டியும் நின்றது. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கோர்ஸேர் கப்பலில் புதைக்கப்பட்டதே, சவுத் பென்ஸில்வேனியா, அதன் அரைகுறைச் சுரங்கங்களில் பலவற்றைத் தோண்டி முடித்து, 1940-ல் பென்ஸில்வேனியாவில் பெரிய மோட்டார் சாலையாகத் திறந்தார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலை யுகத்துக்கு அதுவே முன்னோடி. ரயில்காரர்கள் இருவர் சேர்ந்து கொன்ற பாதை, மோட்டார்ச் சாலையாகப் பிறந்து ரயிலைப் பழிவாங்கியது.

மனிதர்கள் போனபிறகு பாதையின் உண்மையான வேலை தெரிய ஆரம்பித்தது. ஆல்பனிக்குத் தெற்கே ஸெல்கர்க் என்ற இடத்தில், 1924-ல், ஆற்றின் குறுக்கே உயரமான பாலமும் மிகப் பெரிய கூட்ஸ் யார்டும் அமைத்திருந்தார்கள். அதற்குத் தெற்கே ஹட்ஸனைக் கடக்க ரயிலுக்கு இருந்தது பவ்கீப்ஸி பாலம் ஒன்றுதான். 1974 மே 8-ஆம் தேதி அது தீப்பற்றி எரிந்தது. அன்றிலிருந்து, கடலிலிருந்து ஸெல்கர்க் வரைக்கும் கூட்ஸ் வண்டி ஆற்றைத் தாண்ட ஒரு பாலம் கிடையாது. நியூயார்க் நகரத்துக்குத் தெற்கேயிருந்து சாமான் வர வேண்டுமானால், சிலவற்றைத் தெப்பத்தில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மற்றதெல்லாம் மேற்குக் கரையில் ஏறக்குறைய 140 மைல் வடக்கே போய், பாலத்தைத் தாண்டி, அதே தூரம் கிழக்குக் கரையில் இறங்கி வர வேண்டும். பிராங்ஸ் பகுதியின் குப்பைகூட இப்படித்தான், ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கி, வர்ஜீனியாவுக்குப் போகிறது. உலகத்தில் இவ்வளவு அழகான இடங்களைப் பார்த்துவிட்டு மண்ணுக்குப் போகும் குப்பை வேறு இருக்காது.

என் தகப்பனார் கூட்ஸ் கார்டாக இருந்தார். விழுப்புரத்திலிருந்து மாயவரம் மார்க்கம், மீட்டர் கேஜ் காலம். உப்பு, உரம், நெல். பாசஞ்சர் வண்டிக்கு வழிவிட்டு ஏதாவது ஒரு சிறு ஸ்டேஷனின் லூப் லைனில் மணிக்கணக்கில் கிடப்பார். எட்டு மணிக்கு வருகிறேன் என்று போனவர் மறுநாள் பதினோரு மணிக்கு, கையில் விளக்கும் டிபன் தூக்குமாக வருவார். அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். வெந்நீர் போட்டு வைப்பாள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், 'முப்பத்திரண்டு வருஷம் வண்டியோட போயிருக்கேன்டா. ஒரு ஸ்டேஷன்லகூட என் வண்டி வந்துதேன்னு சந்தோஷப்பட்டு ஒருத்தரும் வந்து நின்னதில்லே' என்று சொன்னார். வருத்தத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. தராசில் எடை சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் அது நெஞ்சில் நின்றுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிழக்குக் கரையில் கோல்ட் ஸ்பிரிங் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனான். நேர் எதிரே ஸ்டார்ம் கிங். ஆற்றங்கரைப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அக்கரையில், மலையின் காலடியில், ஒரு கூட்ஸ் வந்தது. அவ்வளவு பெரிய மலைக்குக் கீழே அது மரவட்டை மாதிரி ஊர்ந்தது. சத்தம் தண்ணீரைத் தாண்டி வர கொஞ்ச நேரமாயிற்று. 'என்ன மாமா, எண்ணுறீங்களா?' என்றான் பையன். ஆமாம், எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்ஸ் கார்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பிறவிப் பழக்கம். நூற்றுப் பதினொன்று. கடைசியில் பிரேக் வேன் வரும் என்று கண் காத்திருந்தது. வரவில்லை. கடைசி வாகனின் முதுகில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னி மின்னி மறைந்தது. அமெரிக்காவில் 1980-களிலேயே கடைசிப் பெட்டியையும் அதில் இருக்கும் மனிதனையும் எடுத்துவிட்டு, அந்த விளக்கைக் கருவியோடு மாட்டிவிட்டார்கள் என்று பையன் சொன்னான். அப்பாவின் உத்தியோகம் அந்தக் கரையில் ஒரு விளக்கு அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

அந்த ஸ்டார்ம் கிங் மலைக்கும் ஒரு வழக்கு உண்டு. 1962-ல் கான் எடிஸன் மின்சாரக் கம்பெனி, மலையடிவாரத்தைக் குடைந்து மின்நிலையம் கட்டி, ஆற்று நீரை மேலே ஏற்றித் தேக்கிப் பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டது. 1963-ல் சிலர் சேர்ந்து சங்கம் வைத்து எதிர்த்தார்கள். 'உங்கள் நிலம் போகிறதா, பணம் போகிறதா? உங்களுக்கு வழக்காட என்ன உரிமை?' என்ற கேள்வி எழுந்தது. 1965 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இயற்கை அழகில் அக்கறை உள்ளவர்களுக்கும் வழக்காட உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு வேர். 1980-ல் சமரசமாகித் திட்டம் கைவிடப்பட்டது. மலை பிழைத்தது. அதன் காலடியில் கூட்ஸ் வண்டியும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அழகைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாத வண்டி அதில் போவது வீண் என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். சாமான் என்றால் என்ன? எவனோ ஒருவன் வீட்டில் நாளைக்கு வேண்டியிருப்பதுதான் இன்றைக்கு வாகனில் இருக்கிறது. அதில் மனிதன் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் கரை ஊர்க்காரர்களின் குறையையும் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்டவாளம் கிடக்கிறது. 2010-களில் கச்சா எண்ணெயை நிரப்பிய நீண்ட தொட்டி வண்டிகள் அந்த வழியாகப் போகத் தொடங்கின. 2013 ஜூலையில் கனடாவில் லாக்-மெகாந்திக் என்ற ஊரில் அப்படி ஓர் எண்ணெய் ரயில் தானாக உருண்டு வந்து கவிழ்ந்து எரிந்து 47 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மேற்குக் கரைக்காரர்கள் இரவில் வண்டிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் இல்லை. கூட்ஸ் வண்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்; அதில் என்ன போகிறது என்று கேட்கவும் வேண்டும். வாண்டர்பில்ட் காலத்தில் ஜனங்கள் கேட்கத் தவறியதும் இதுதான்.

பாதையைப் போட்டவர்களின் எண்ணம் நல்லதல்ல. அதை வாங்கியவர்களின் எண்ணமும் நல்லதல்ல. அந்த எண்ணங்கள் எல்லாம் கணக்குப் புத்தகங்களோடு செல்லரித்துப் போயின. பாறையை வெட்டிய கூலிக்காரனின் வேலை மட்டும் செல்லரிக்கவில்லை. சுரங்கம் நேராக இருக்கிறது. வளைவு சரியாக இருக்கிறது. 140 வருஷம் ஆகியும் வண்டி அதன்மேல் தான் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. வீஹாக்கன் சுரங்கத்தில்கூட 2006 முதல் டிராம் போன்ற இலகு ரயில் ஓடுகிறது; பாறைக்கு நடுவிலேயே ஸ்டேஷன் வைத்து, மின்தூக்கியில் ஜனங்களை ஏற்றி இறக்குகிறார்கள். கடன் பத்திரம் விற்றவனை யாருக்கும் ஞாபகம் இல்லை. கல் உடைத்தவன் பெயரும் தெரியாதுதான். ஆனால் அவன் கைவேலையைத் தினம் ஆயிரம் பேர் மிதிக்கிறார்கள்.

எரிந்துபோன பவ்கீப்ஸி பாலம் முப்பத்தைந்து வருஷம் சும்மா நின்றது. 2009 அக்டோபரில் அதன்மேல் தளம் போட்டு, மனிதர்கள் நடப்பதற்கென்று திறந்துவிட்டார்கள். தண்ணீருக்கு மேலே 212 அடி உயரம். ஒன்றேகால் மைல் நீளம். சாமான்களின் பாலம் மனிதர்களுக்கு வந்தது. மனிதர்களின் பாதை சாமான்களுக்குப் போயிற்று. பாலத்தின் மேற்கு ஓரத்துக்கு நேர் கீழே ரிவர் லைன் போகிறது. மேலே உலாவ வருகிறவர்கள், கீழே கூட்ஸ் வரும் சத்தம் கேட்டால், நடையை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். குழந்தைகள் கையை ஆட்டுகின்றன.